லண்டன் சம்பந்தமும் சிதம்பரம் பஸ்ஸும்

"நம்ம பொண்ணுக்கு லண்டன் மாப்பிள்ளையா? தூரம் ஜாஸ்திங்க" என்று வீட்டுக்காரம்மா அழுதாங்க. நான் நெட்டில் பார்த்து அளந்து விட்டேன்: "எட்டாயிரம் கிலோமீட்டர்தான். சென்னையில ஏறினா பத்து மணி நேரம்."

இன்று மாப்பிள்ளையின் அப்பா, அம்மாவிடம் பேசி முடிக்க, கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர். மூன்று மணி நேரம்!

இறங்கினால் ராகு காலம். அவர்கள் வீட்டு எதிர் டீக்கடையில், தாம்பூலத் தட்டோடு ஒன்றரை மணி நேரம் நின்றோம். சம்பந்தியம்மா மாடியிலிருந்து கையாட்டினார்கள், கூப்பிடவில்லை. அவர்களும் காலண்டர் பார்க்கிற குடும்பம்தான்.

நாலாவது டீயில் வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "பத்து மணி நேரம் பறக்குறப்ப ராகு காலம் வந்தா, பொண்ணு எங்கங்க எறங்கி நிப்பா?"

பதில் வந்தால்தான் கல்யாணத்துக்குச் சம்மதமாம். வெளிநாட்டு நண்பர்களே, ஆகாயத்தில் செல்லுபடியாவது கடலூர் ராகு காலமா, லண்டன் ராகு காலமா?