மீன் எண்ணெய் பூசின வேகன்

எங்க வேகன் ஓடின கதையை எங்க வீட்டு ஆம்பளைங்க எப்படிச் சொல்வாங்க தெரியுமா? மாமா தனியாளா நின்னு எஞ்சினைப் பிரிச்சாரு, தனியாளா திரும்ப மாட்டினாரு, வாப்பா பக்கத்துல நின்னு யோசனை சொன்னாங்க, வண்டி ஓடிச்சு. அதுல நான் வர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான். "புள்ளை அப்பப்ப டீ கொண்டாந்து குடுத்துச்சு." டீ குடுத்தது நெசம்தான், இல்லேங்கலை. மிச்சத்தைக் கேட்டா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. அதனாலதான் இதை எழுதுறேன்.

அறுபதுகள்ல, பழைய டவுன்னு சொல்ற கடலூர் ஓ.டி.யில எங்க வீடு. வாப்பா துறைமுகத்துக்குப் பக்கத்துல கயிறு, தாரு, பாய்த்துணின்னு படகுக்கு வேண்டிய சாமானெல்லாம் வித்தாங்க. மாமா, அதாவது எங்க உம்மாவோட தம்பி, மலாயாவுலேருந்து திரும்பி வந்து எங்க வீட்டுலயே தங்கியிருந்தாரு. பாண்டிச்சேரியில ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கெளம்பும்போது விட்டுட்டுப் போன ஸ்டேஷன் வேகனை அவருதான் வாங்கியாந்தாரு. ஓட்டிட்டு வரலை. மாடு கட்டி இழுத்துட்டு வந்தாரு. முன்பாதி இரும்பு, பின்பாதி மரம். இரும்பைத் துரு தின்னுச்சு, மரத்தைக் கரையான் தின்னுச்சு. கொல்லையில கெணத்துக்குப் பக்கத்துல செங்கல்லு மேல அதை ஏத்தி வச்சாங்க. "அடுத்த வாரம் ஓட வச்சிடுறேன் பாருங்க மச்சான்"னு மாமா வாப்பாகிட்ட சொன்னாரு. அதுக்கப்புறம் ஒரு வருசம் ஓடிச்சு, வண்டி ஓடலை. உம்மா பானட்டு மேல வடகம் காய வச்சாங்க. பின்சீட்டுல கோழி முட்டை போட்டுச்சு.

அந்த நேரத்துலதான் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல நான்தான் ஃபர்ஸ்ட். சிதம்பரத்துல காலேஜுல பி.யூ.சி. சேரணும்னு வாப்பாகிட்ட கேட்டேன். வாப்பா மார்க்கைப் பாத்து சந்தோசப்பட்டாங்க, நெத்தியில முத்தம் குடுத்தாங்க. அப்புறம் வரிசையா அடுக்கினாங்க. ஹாஸ்டல் கூடாது. ரயிலு கூடாது. பஸ்ஸு கூடவே கூடாது, கண்டவனும் மேல இடிப்பான். நான் விடாம நின்னேன். வாப்பா கொல்லைப் பக்கம் திரும்பி, முட்டை போட்டுட்டு எறங்கின கோழியைப் பாத்துட்டே சொன்னாங்க, "நம்ம வண்டியில போயிட்டு நம்ம வண்டியிலயே வர்றதா இருந்தா போ. நான் தடுக்க மாட்டேன்."

ஜும்மா முடிஞ்சு வந்திருந்த ரெண்டு பெரியவங்க முன்னாடி சொன்ன சொல்லு அது. வண்டி இந்த ஜென்மத்துல ஓடாதுன்னு தெரிஞ்சே சொன்னாங்க. மொதல்ல எனக்கு அழுகை வந்துச்சு. அப்புறம் கோவம் வந்துச்சு. அழுது ஒண்ணும் ஆனதில்லை எனக்கு, கோவப்பட்டாத்தான் வேலை நடக்கும். காலேஜுக்கு எழுதிப் போட்டேன். இன்டர்வியூ லெட்டர் வந்தப்ப எண்ணிப் பாத்தேன், நாப்பது நாள் இருந்துச்சு.

அன்னிக்குச் சோறு போடும்போது மாமாகிட்ட சாதாரணமா கேட்டேன். "ஏன் மாமா, மலாயாவுல நீங்க லாரி ஓட்டலையாம், லாரி கழுவுனீங்களாம். பக்கத்து வீட்டுல பேசிக்கிறாங்க." பக்கத்து வீட்டுல அப்படி யாரும் பேசலை. மாமா பிசைஞ்ச சோத்தை அப்படியே வச்சுட்டு எழுந்துட்டாரு. மறுநாள் விடிஞ்சதும் கொல்லையில ஸ்பேனர் சத்தம்.

கோழியை வெரட்டினோம். மாமா எஞ்சினைப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்க, நான் ஒவ்வொரு சாமானா மண்ணெண்ணெயில கழுவிப் பாயில வரிசையா பரப்பினேன். கை சும்மா இருக்குமா? என் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டுல மிச்சம் கெடந்த பக்கத்துல ஒவ்வொண்ணையும் படம் வரைஞ்சு, நம்பர் போட்டு, எதுக்குப் பக்கத்துல எதுன்னு எழுதி வச்சேன். தவளை வரைஞ்ச நோட்டுலயே கார்புரேட்டரும் வரைஞ்சேன். மாமா எட்டிப் பாத்துட்டு, "இதெல்லாம் எதுக்கு, எல்லாம் இங்க இருக்கு"ன்னு தலையைத் தட்டிக் காட்டினாரு.

மூணாம் நாள் எங்க வீட்டுல நபிகள் புகழ் பாடுற மௌலூது ஓதுறதா இருந்துச்சு. ஓத வர்றவங்க உக்கார்றதுக்கு உம்மா பாய் தேடினாங்க. வீட்டுலயே பெரிய பாய் கொல்லையில எஞ்சின் சாமானைச் சுமந்துட்டுக் கெடந்துச்சு. உம்மா ஒரு வார்த்தை கேக்கலை. அத்தனையையும் வழிச்சு ஒரு ஓலைப்பெட்டியில கொட்டிட்டு, பாயை ஒதறிக் கொண்டுபோயிட்டாங்க. மாமா வந்து பெட்டிக்குள்ள பாத்தாரு. தலைக்குள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சோ, கெணத்தடியில அப்படியே உக்காந்துட்டாரு. நான் நோட்டை எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சேன். அன்னிலேருந்து நான் சொல்லச் சொல்ல அவரு மாட்டினாரு. வெளியாளு யாராச்சும் வந்தா மட்டும் என்னைப் பாத்து, "டீ போடு போ"ம்பாரு.

பின்பாதி மரத்துக்கு யாரு இருக்கா? வாப்பா கடைக்கு வர்ற ஓடாவி ஒருத்தரைத்தான் மாமா கூட்டியாந்தாரு. படகு கட்டுறதுதான் ஓடாவிக்கு வேலை. காரு கட்டினது கெடையாது. அவரு வண்டியை ரெண்டு சுத்து சுத்தி வந்தாரு, தட்டிப் பாத்தாரு, வேலையை ஆரம்பிச்சாரு. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சைத் திணிச்சு அடைச்சாரு, தண்ணி புகாதாம். ஜன்னல் வைக்கவே மாட்டேன்னாரு. "ஜன்னல் வச்சா அலை உள்ள வந்துடும்மா"ன்னாரு. சிதம்பரம் ரோட்டுல அலை வராதுன்னு அவருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு பொழுது ஆச்சு. அரைமனசா பக்கத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினாரு. உம்மா அதுக்குப் பச்சைத் துணியில திரை தச்சாங்க. பக்கவாட்டுல ரெண்டு நீள பெஞ்சு. நெசமாவே அழகா இருந்துச்சு.

கடைசி நாள் ஓடாவி எங்ககிட்ட ஒண்ணும் கேக்காம, படகுக்குப் பூசற மாதிரியே மீன் எண்ணெயை உள்ளேயும் வெளியேயும் மூணு கை பூசிட்டுப் போயிட்டாரு. மரம் நூறு வருசத்துக்குத் தாங்குமாம். நாத்தமும் அவ்வளவு வருசம் தாங்கும்போல இருந்துச்சு. தெருவுல இருந்த பூனையெல்லாம் எங்க கொல்லைக்குக் குடி வந்துடுச்சு. அதுல ஒண்ணு டிரைவர் சீட்டை விட்டு எறங்கவே இல்லை. உம்மா அத்தர் தெளிச்சுப் பாத்தாங்க. மீன் நாத்தத்தோட அத்தர் நாத்தமும் சேந்துக்கிச்சு, அவ்வளவுதான் மிச்சம்.

வேலை முடியப் போற சமயத்துல ஒருநாள் சாப்பாட்டுல மாமா பெருமை பேசினாரு. எஞ்சினுக்குள்ள கரெண்டைப் பிரிச்சு அனுப்புற மூடிக்கு அடியில ரோட்டர்னு ஒரு சின்னத் துண்டு சுத்தும், கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். அது இல்லேன்னா வண்டி உறுமும், ஆனா புடிக்காது. "மலாயாவுல வண்டியை நிறுத்திட்டு எங்கயாவது போனா அதைக் கழட்டிப் பையில போட்டுக்குவோம் மச்சான். எந்தத் திருடனாலயும் நகத்த முடியாது"ன்னாரு. நான் கேட்டுட்டிருந்தேன். வாப்பாவும் கேட்டுட்டிருந்தாங்க.

ரெண்டு நாள் கழிச்சு, வண்டியை மொதல்மொதலா கெளப்பிப் பாக்குற அன்னிக்குக் காலையில, எஞ்சின் உறுமிச்சு, புடிக்கலை. தொறந்து பாத்தா ரோட்டர் இல்லை. மாமா பூனையைத் திட்டினாரு, உம்மாவைத் திட்டினாரு, என் நோட்டைத் திட்டினாரு. கெணத்துல கூட, விழுந்த வாளி எடுக்குற பாதாளக்கொலுசை விட்டுப் பாத்தாரு. வாப்பா மட்டும் நிதானமா, "அல்லா நாடலை போல, விடு மச்சான்"னு சொல்லிட்டுக் குளிக்கப் போனாங்க. இன்டர்வியூக்கு இன்னும் நாலே நாள்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையானா வாப்பாவோட வெத்தலைப் பெட்டியில, அதாவது செல்லத்துல, சுண்ணாம்பு நெரப்புறது என் வேலை. நெரப்புறது யாருன்னு வாப்பா ஒருநாளும் யோசிச்சதில்லை, தொறந்தா சுண்ணாம்பு இருக்கும், அதுதான் அவுங்களுக்குத் தெரியும். நான் சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கினேன். அடியில ரோட்டர்.

கத்திக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிடலாமான்னு இருந்துச்சு. வாப்பா என்னை ஏமாத்துவாங்கன்னு நான் நெனச்சதே இல்லை. அது ரொம்ப வலிச்சுது. ஆனா வலியோடயே ஒரு குறும்பும் வந்துச்சு. ரோட்டரை எடுத்துட்டு, அது இருந்த எடத்துல முழுக் கொட்டைப்பாக்கு ஒண்ணை வச்சு, டப்பாவால மூடினேன். மாமாகிட்ட, "தவிட்டுப் பானைக்குள்ள கெடந்துச்சு"ன்னு குடுத்தேன்.

வாப்பா ஜும்மாவுலேருந்து வந்து செல்லத்தைத் தொறந்தாங்க. அடியில பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பாத்தாங்க. நான் டீ ஆத்திட்டிருந்தேன். சாயங்காலம் வண்டி புடிச்சுது. மாமா திருவந்திபுரம் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வந்தாரு. "ஓடுதே"ன்னாங்க வாப்பா, ஏதோ எழவு சேதி கேட்ட மாதிரி.

இன்டர்வியூ அன்னிக்கு மாமா ஓட்ட, வாப்பா முன்னாடி உக்கார, நான் வெள்ளைத் துப்பட்டி போத்திட்டுப் பின்னாடி திரைக்குள்ள உக்காந்தேன். அந்த நாத்தத்துல மூச்சு விடுறதே பெரும்பாடா இருந்துச்சு. சிதம்பரத்துல காலேஜுக்கிட்ட நிறுத்தினதும் அந்த ஊர்ப் பூனைங்க ஒண்ணொண்ணா வந்து சேந்துச்சு. உள்ள கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொன்னேன். கேள்வி கேட்டவரு மட்டும் மூக்கைச் சுளிச்சுட்டு அடிக்கடி நாற்காலிக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு. எடம் கெடைச்சுடுச்சு.

வெளிய வந்தப்ப எனக்குச் சந்தோசத்துல பறக்கணும்போல இருந்திருக்கணும். இல்லை. வாப்பா மொகத்தைப் பாத்தேன். இந்த வண்டியை நம்பிப் படிக்கச் சேந்தா, நாளைக்கு ஒரு சாமான் காணாமப் போகும், அடுத்த வாரம் இன்னொண்ணு. பஸ்ஸு, கூட்டம், வெளியாளுன்னா வாப்பாவுக்குப் பயம். அந்தப் பயம் போகாம வண்டி ஓடி என்ன பிரயோசனம்?

மாமா டீக்கடைக்குப் போனாரு. வாப்பா நடுப்பகல் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனாங்க. நான் எறங்கி, பானட்டைத் தூக்கி, மூடியோட கிளிப்பைத் தள்ளி, ரோட்டரை உருவிட்டேன். ரெண்டு நிமிசம்கூட ஆகலை. பாத்தது பூனைங்கதான். துப்பட்டிக்குள்ள கையில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

வண்டி உறுமிச்சு, புடிக்கலை. மாமா தொறந்து பாத்துட்டு, "ரோட்டரை எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான் மச்சான், திருட்டு ஊரு"ன்னு அலறினாரு. வாப்பா மாமாவைப் பாக்கலை. மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. நான் கோபுரத்தைப் பாத்துட்டு நின்னேன். கடைசியில மாமா வண்டியோட தங்கி வேற ரோட்டர் தேடுறதுன்னும், நாங்க ரெண்டு பேரும் பஸ்ல போறதுன்னும் முடிவாச்சு.

பஸ்ஸுல நிக்க எடம் இல்லை. வாப்பா குடையை எனக்கு வேலி மாதிரி குறுக்க புடிச்சுட்டு ஏறினாங்க. நாங்க உள்ள போனோம். மூணு பேரு மூக்கைப் பொத்தினாங்க. ஒரு அம்மா புள்ளையைத் தூக்கிட்டு முன்னாடி போயிட்டாங்க. ரெண்டு பேரு உக்காந்திருந்த சீட்டை விட்டு எழுந்து, "உக்காருங்க பாய்"னு சொல்லிட்டுப் படிக்கட்டுக்கே போயிட்டாங்க. எங்களுக்கு முன்சீட்டும் காலி, பின்சீட்டும் காலி. அத்தனை கூட்டத்துல என் துப்பட்டி நுனியைக்கூட ஒருத்தர் இடிக்கலை. குடையை எங்க வைக்கிறதுன்னு வாப்பாவுக்குத் தெரியலை, மடியில வச்சுக்கிட்டாங்க.

புவனகிரி பாலம் ஏறும்போது வாப்பாவோட தோள் குலுங்கிச்சு. அழறாங்களோன்னு பயந்து பாத்தேன். சிரிச்சுட்டிருந்தாங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சத்தமில்லாம சிரிச்சாங்க. அப்புறம் பையிலேருந்து செல்லத்தை எடுத்துத் தொறந்து, சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கி, நான் வச்ச கொட்டைப்பாக்கை எடுத்தாங்க. நாலு நாளா வெட்டாம அதை அங்கயே வச்சிருந்திருக்காங்க.

"இந்தா உன் பாக்கு"ன்னு என் கையில வச்சாங்க. "என் சாமானைக் குடு."

துப்பட்டிக்குள்ளேருந்து ரோட்டரை எடுத்துக் குடுத்தேன். அதை உள்ளங்கையில ரெண்டு தரம் உருட்டிப் பாத்துட்டுச் செல்லத்துல போட்டு மூடிட்டாங்க. "மாமாகிட்ட சொல்லாதே, பாவம்"னாங்க. நான் தலையாட்டினேன்.

ஓ.டி. நெருங்கும்போது கண்டக்டர் எங்க பக்கம் தூரத்துலயே நின்னாரு. வாப்பா என் முழங்கையை மெதுவா இடிச்சாங்க.

"காலையில சிதம்பரத்துக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேளு."

"நீங்க கேளுங்க வாப்பா."

"நானா போகப் போறேன்? போறவதான் கேக்கணும்."

அதுவரைக்கும் ரோட்டுலயோ பஸ்ஸுலயோ முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைகிட்ட நானா வாயைத் தொறந்து ஒண்ணும் கேட்டதில்லை. எழுந்து நின்னு, சத்தமாவே கேட்டேன். கண்டக்டர் மூக்கைப் பொத்தின கையை எடுக்காமலே, "ஏழே காலு"ன்னாரு.