குடை பிடிக்கும் கண்ணபிரான் அண்ணாச்சி

கண்ணபிரான் அண்ணாச்சி குடையை விரித்துப் பிடித்தபடி கடற்கரையில் நடக்கிறார். அவர் தலை வெயிலில் காய்கிறது. குடை ஆமைக்கு. முட்டையிட வந்த இடத்தில் கிழிந்த வலையில் மாட்டி, விடிந்த பிறகும் கடலுக்குத் திரும்ப முடியாமல் கிடந்த ஆமை. வலையை அறுத்துவிட்டு, அது இழுத்து இழுத்து அலையைப் போய்ச் சேரும்வரை ஒரு மணி நேரம் கூடவே நகர்ந்து நிழல் பிடித்தார். காலையில் பல் விளக்கியதைக்கூட ஊருக்குச் சொல்லுகிற மனுசர், இதை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நான் சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றதால் எனக்குத் தெரியும்.

அந்தக் குடையை அவர் யாருக்கும் இரவல் தர மாட்டார். மழையில் சின்னப் பிள்ளையோடு நின்ற பொம்பளைக்கே தரவில்லை. "எங்கூட்டுக் குடை எங்கையில இருந்தாத்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

எட்டயபுரத்துப் பக்கம் இருபது ஏக்கர் கரிசல்காடு அவருக்கு. தையில் உளுந்தை எடுத்ததும், குளத்தூருக்குக் கிழக்கே உப்பளத்தில் வேலை பார்க்கிற மகன் வீட்டுக்கு வந்தார். ஆமைகள் கரையேறுகிற மாதமும் அதுதான். கரையில் முட்டைகளை எடுத்து, கம்பிவேலிக்குள் மணலில் குழி பறித்துப் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவார்கள். வனத்துறைக்காக அதைப் பார்க்கிறவன் மாரிராஜ். நாயையும் காக்கையையும் விரட்டுவது என் வேலை. அண்ணாச்சியை யாரும் எந்த வேலைக்கும் வைக்கவில்லை. அதனால் எல்லா வேலையிலும் அவர் இருந்தார்.

வந்ததும் குனிந்து, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். அது கரிசல்காட்டுப் பழக்கம், விதைக்கப் பதம் இருக்கிறதா என்று பார்ப்பது. விரலை எடுத்ததும் முகம் சுளிப்பார். "ஏட்டி, இது மண்ணா? ரவை. கிண்டி உப்புமா வேணா போடலாம்." ஆமைக்கும் ஏச்சு விழும். "கூறுகெட்ட மூதி, ரவைக்குள்ள கொண்டாந்து வைக்கி. வெதச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போற சம்சாரி எங்கயாச்சும் உண்டுமா?"

மாரிராஜ் சும்மா இருக்க மாட்டான். "நீங்களும் வெதச்சிட்டு வானத்தத்தான அண்ணாச்சி பாக்கீங்க? அது கடலப் பாத்துப் போகுது."

"ஏலே, உனக்கு வாய் நீளம்ல."

நீளம் யாருக்கு என்பது கரைக்கே தெரியும். ஆண்டவன் அவருக்கு வாயைப் படைத்த கையோடு, காதைப் படைக்க மறந்துவிட்டான் போலும்.

ஒவ்வொரு குழிக்கும் மாரிராஜ் ஒரு நம்பர் எழுதிக் குச்சி நட்டிருந்தான். அண்ணாச்சிக்கு நம்பர் பிடிக்கவில்லை. தன் நிலங்களின் பெயரை வைத்தார். ஆறாவது குழி பனையடிப்புஞ்சை, ஏழாவது ஓடைப்புஞ்சை. ஒரே விடியலில் எடுத்த முட்டைகள் இரண்டிலும் இருந்தன. ஓடைப்புஞ்சையில் நூற்றுப் பன்னிரண்டு.

மாசிக் கடைசியில், குஞ்சு வரச் சில நாள் இருக்கையில், மாரிராஜ் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனான். "தண்ணி ஊத்தாதீய, தோண்டாதீய, ஒண்ணுமே செய்யாதீய அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவரா அவர்?

மதியமே லோடு ஆட்டோவில் இரண்டு மூட்டை கரிசல் மண் வந்து இறங்கியது. ஓடைப்புஞ்சைக்கு மேலே ஒரு சாண் உயரம் பரப்பி, ஒரு குடம் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டி மெழுகினார்.

"அண்ணாச்சி, உள்ள உசிரு இருக்கு. மூச்சு முட்டிராதா?" என்றேன்.

"ஏட்டி, நீ எனக்கு மண்ணப் பத்திச் சொல்லுதியா? கரிசல் ஒரு மழைத் தண்ணிய மூணு மாசம் மடியில வச்சிருக்கும். இந்த ரவை மூணு நாழி வச்சிருக்குமா?"

பெரியவர் சொல்கிறார் என்று கழுகுமலை முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருந்துவிட்டேன். முருகன் ஒன்றும் என் சம்பளத்துக்கு நாய் விரட்டுகிறவன் இல்லை. அது என் பாவம்.

மூன்றாம் நாள் காலை பனையடிப்புஞ்சை பொங்கியது. கடுகைக் கொட்டினாற்போலக் குஞ்சுகள். ஓடைப்புஞ்சை அசையவில்லை. வெயிலில் கரிசல் இறுகி, அடுப்பில் வைத்த ஓடு மாதிரி கிடந்தது. அண்ணாச்சி விரலை விட்டுப் பார்த்தார். விரல் இறங்கவில்லை.

நான் மண்வெட்டியை எடுத்தேன். "வேண்டாம்ட்டி, தலையில பட்ரும்" என்று தட்டிவிட்டு, மண்டி போட்டு நகத்தாலேயே பேர்த்தார். இரண்டு நகம் போய் ரத்தம் வந்தது. பாளத்தைப் புரட்டினால், அதன் அடியில் குஞ்சுகளின் துடுப்புக்கால் கீறல் நிறைய. அதற்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் தலையை மேலே தூக்கியபடி.

அறுபத்தொன்று உயிரோடு இருந்தன. வேட்டி மடியில் அள்ளிக்கொண்டு போய் அலையோரம் விட்டார். மிச்சம் ஐம்பத்தொன்றை அதே குழியில் மூடினோம். சாயங்காலம் வந்த மாரிராஜ் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு போனான். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் டீக்கடையில் அண்ணாச்சி குரல் தெருமுனைவரை கேட்டது. "நம்ம கரிசல்லய்யா, அறுவத்தொண்ணு! கடலாமைக்குக் கரிசல் ஆகாதுன்னு எந்த மடையன் சொன்னான்?" டீ ஆற்றிக்கொண்டிருந்த பிச்சையாவும் நம்பினார். நான் டீ குடித்த கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

பங்குனியில் அவர் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். எட்டயபுரத்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பக்கத்து ஆளிடம் ஆரம்பித்துவிட்டார். "அறுவத்தொண்ணுய்யா, கரிசல்ல…" பஸ் உறுமியது. பேச்சைப் பாதியில் விட்டு, ஜன்னல் வழியாகக் குடையை என் கையில் திணித்தார். குரல் கீழே இறங்கியிருந்தது.

"அறுவத்தொண்ண நான் சொல்லிக்கிடுதேன். மத்த அம்பத்தொண்ணுக்கு இத ஓடைப்புஞ்சையில விரிச்சு ஊணி வையிட்டி. வெயிலா இருக்கு."