நாளைக்கு malai கன்ஃபர்ம்

உலு யாம் காட்டில் மலையேற வேண்டும் என்று நானும் என் தோழி கலாவும் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ரவாங் ஃபேக்டரியில் இன்றைக்கு லீவு வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் கலா வாட்சாப்பில் அனுப்பினாள்: "Naalaikku malai confirm lah."

விடியும் முன்பே எழுந்து, நாசி லெமாக் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். பாதி வழியில் பிடித்த மழை விடவே இல்லை.

காட்டு வாசலில் காவலர் ஒருவர் மட்டும் குடையோடு நின்றார்.

"ஆத்துல தண்ணி ஏறுது தங்கச்சி. இன்னிக்கு யாரையும் மேல விட மாட்டோம்."

மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேகம்தான் தெரிந்தது.

கலாவுக்குப் போன் போட்டேன். தூக்கக் குரலில் எடுத்தாள்.

"நீ ஏன்டி போன? மலைன்னு நேத்தே சொன்னேன்ல."

"மலைன்னு சொன்னதாலதான்டி வந்தேன்."

"ஐயோ, மேலருந்து கொட்டுதே, அந்த மலைலா."

கலாவுக்கு 'ழ' வாயிலும் வராது, ஆங்கில எழுத்தில் தட்டினாலும் வராது. இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

அவளுக்கு வாங்கிய பொட்டலத்தைக் காவலருக்குக் கொடுத்துவிட்டு, நனைந்தபடியே திரும்பினேன்.

வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அவளிடமிருந்து செய்தி.

"Sorry di. Next week malai illa."

இப்போது நான் அடுத்த வாரம் லீவு கேட்கட்டுமா, வேண்டாமா? புரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். தயவுசெய்து தமிழ் எழுத்தில்.