ரெண்டு எழுத்துக்காக ஒரு கடை

“…நான் சொல்லலீங்க, நாலு பேரு சொல்றாங்க. நீங்களாப் பார்த்து ஒரு முடிவு பண்ணிட்டீங்கன்னா உங்களுக்கும் கௌரவம், எனக்கும் நிம்மதிங்க.”

அக்காவின் இட்லிக்கடைக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர், கடை பெஞ்சில் உட்கார்ந்து இப்படிச் சொன்னபோது, நான் உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்தேன். கடையைக் காலி செய்யச் சொல்வதைக்கூட எங்கள் கோவைப் பக்கத்தில் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள்.

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்திருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, அக்காவின் வாழ்க்கை முழுவதுமே அந்த ‘ங்க’வைத் தேடி நடந்த நடைதான். அதனால் அதிலிருந்தே தொடங்கினேன்.

அக்கா பிறந்தது பல்லடத்துக்குத் தெற்கே, ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும் எங்கள் வளவில். அப்பா பண்ணையத்தாள். பண்ணையக்காரர் வீட்டில் நேற்றுப் பிறந்த குழந்தையும் எங்களுக்குச் ‘சாமி’. தலை நரைத்த எங்கள் அப்பா அவர்களுக்கு ‘டேய்’. அவர்கள் வீதியில் நாங்கள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. “இல்லாதவளுக்குக் கழட்டுற வேலை மிச்சம்” என்பார்.

மாமாவைக் கட்டிக்கொண்டு அக்கா பாலக்காட்டு ரோட்டுச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வந்தார். மாமாவுக்குப் பாறையில் துளை போடும் வேலை. சேலத்துக்காரர், தர்மபுரிக்காரர், மலையாளத்துக்காரர் என்று எல்லாரும் பிழைக்க வந்த இடம். யாரும் யாரையும் ‘எந்த ஆளுங்க’ என்று சாதி கேட்டதில்லை. “வெள்ளைத் தூசி படிஞ்சுதுன்னா எல்லாரும் ஒரே நெறந்தான் கண்ணு” என்பார் அக்கா.

அதே தூசி மாமாவின் நெஞ்சில் ஏறி அவரைப் படுக்கையில் போட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா ஓர் அறையைப் பிடித்து இட்லிக்கடை வைத்தார். மாமா போன பிறகு துணைக்கு நானும் வந்து சேர்ந்தேன். விடிந்தால் பெஞ்சில் இடம் இருக்காது. “ஏனுங்க அக்கா, சட்னி கொஞ்சம் ஊத்துங்க” என்று வெடி வைக்கிற பெரியவர்கூடக் கேட்பார். முதன்முதல் அதைக் கேட்ட அன்று அக்கா உள்ளே வந்து என் காதில் சொன்னார்: “ரெண்டே எழுத்து. இதுக்குத்தான் கண்ணு இத்தனை தூரம் வந்தோம்.” அடுத்த சந்தையில் செருப்பு வாங்கினார். அடுப்படியிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார்.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. ஒருநாள் காலையில், எங்கள் ஊர்ப் பண்ணையக்காரரின் மகன், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஏற்ற வந்தவர், பசிக்கிறதென்று கடைக்குள் நுழைந்தார். அக்காவைப் பார்த்தார்.

“ஏ புள்ள, நீ நம்ம பண்ணையத்தாளோட மூத்தவதானே?”

“ஆமாங்க சாமி.”

அந்தச் ‘சாமி’ அக்கா சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது. குனிந்து பார்த்தால் கால் இரண்டும் செருப்பைவிட்டுத் தரையில் இறங்கி நின்றன. அக்கா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். வந்தவர் கோபப்படவில்லை, ஏசவில்லை. “தண்ணி வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்” என்று திரும்பிப் போனார். பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் இட்லியைப் பார்த்தபடி இருந்தார்கள்.

யாரும் சாதியின் பேரை எடுக்கவில்லை என்பதுதான் கொடுமை. மறுநாள் ஒருவர், “வயிறு செரியில்லீங்க அக்கா” என்றார். அடுத்த நாள் மூன்று பேர். “ஒரே வாரத்துல குவாரிக்கே வயிறு கெட்டுப்போச்சாட்ட இருக்குது” என்றேன் நான். அக்கா சிரிக்கவில்லை. ‘ஏனுங்க அக்கா’ தேய்ந்து ‘ஏம்மா’ ஆயிற்று. அதற்குப் பின்தான் கட்டடக்காரர் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பார்களே, அதுதான் அக்காவின் நிலை. ஊருக்குத் திரும்பினால் அதே வாசல். வேறு ஊருக்குப் போகலாமென்றால், வாயும் காலும் கூடவே வருமே.

அக்கா அந்தக் கடையைவிட்டுப் போகவில்லை, போக இடமும் வாய்க்கவில்லை. துளை போடுகிறவர்களும் ஜல்லி உடைக்கிற பெண்களும் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா செய்த ஒரே மாற்றம், பின்னால் வார் வைத்த பக்கிள் செருப்பு. “இனி அது நெனச்ச மாத்திரத்துல கழலாது” என்பார். சென்ற ஆண்டு கடைக்குப் பின்னறையிலேயே இருமி இருமி அடங்கினார். அன்று அவர் காலிலிருந்த பக்கிளை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அக்காவைச் சுமந்து வந்த துளைக்காரத் தம்பிகளுக்கும், மூன்று நாள் எனக்குக் கஞ்சி ஊற்றிய ஜல்லிக்காரப் பெண்களுக்கும், பல்லடத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கட்டடக்காரருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவர் காலி செய்யச் சொல்லவில்லை. பெஞ்சில் வந்து உட்காரவும் இல்லை.

அன்று அவர் சொல்லி முடித்ததும் அக்கா ஒரு டீ போட்டு, எப்போதும் தருகிற அதே கண்ணாடி டம்ளரில் அவர் முன் வைத்தார்.

“போறனுங்க. போற எடத்தை மட்டும் நீங்களே காட்டிப்போடுங்க. அந்த நாலு பேரும் ரெண்டு வருசமா இதே டம்ளர்லதானுங்க குடிச்சாங்க. நீங்களுந்தானுங்க.”

அவர் டம்ளரைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். எழுந்து போய்க் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, அதன் மறைவில் நின்று, டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.