விலைக்கு வாங்கிய அரிசி

வினோதாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள். அந்தத் தை மாத மத்தியானம் காரைக்கால் பக்கம் நெரவி வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அவள் தேய்த்த தேய்ப்பில், குழம்புச் சட்டிக்கு வாய் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. கணவன் செம்பியனுக்கு மலேசியாவில், கிள்ளான் என்கிற ஊரில், தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. இரண்டு வருடமாக அவளும் ஐந்து வயது மகள் தமிழ்மொழியும் அவனோடுதான் இருக்கிறார்கள். ஒரு மாத லீவில் மூவரும் ஊருக்கு வந்து பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே செம்பியன் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

“எனக்கு மட்டுந்தாம்மா ரிட்டர்ன் டிக்கெட் போட்டுருக்கேன். வினோதாவும் பாப்பாவும் இனிமே இங்கயே இருக்கட்டும்.”

பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை அம்மாவைப் பார்த்துச் சொன்னான் பாருங்கள், அதுதான் அவன் சாமர்த்தியம். நாலு பேர் நடுவில் சொன்னால் அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

“அங்க மாசத்துக்கு ஒரு லட்சம் தண்ணியா ஓடுது. பாப்பாவ ஸ்கூல்ல சேத்தா இன்னும் ஏறும். இங்க பதினஞ்சாயிரம் அனுப்புனா ராஜாத்தி மாதிரி இருக்கலாம். மிச்சத்துல காரைக்கால்ல ஒரு மனை வாங்கிப் போட்டுடலாம்.”

மாமனார் மருதையன் தலையை ஆட்டினார். மாமியார் ஞானசௌந்தரி, “அதுவும் சரிதான், பெட்ரோலுகூட தமிழ்நாட்டவிட நம்ம ஊருல கொறைச்சல்” என்றாள். வண்டி ஓட்டவே தெரியாத ஞானசௌந்தரிக்குப் பெட்ரோல் விலையில் அப்படி ஒரு பெருமை. வினோதா எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அவளுக்கு அழுகை வந்தது. கல்யாணமாகி நான்கு வருடம் இதே வீட்டில்தான் இருந்தாள், அவன் அங்கே. பிள்ளை பிறந்ததையே அவன் போனில்தான் பார்த்தான். கிள்ளானுக்குப் போன புதிதில் தமிழ்மொழி அவனிடம் ஒட்டவே இல்லை. “போன் அப்பா” என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்தில் படுத்திருக்கும்போதும் போன் அப்பாதான். அந்த ‘போன்’ உதிர்ந்து வெறும் அப்பாவாவதற்கு எத்தனை மாதமாயிற்று! திரும்பவும் அந்த வாழ்க்கைக்கா? முடியாது. செத்தாலும் முடியாது.

சண்டை போட்டு ஜெயிக்கலாமா? சண்டையில் செம்பியன் ஒன்றுமே பேசமாட்டான், பேசாதவனிடம் எப்படி ஜெயிப்பது? அவன் நம்புவது கணக்கு ஒன்றைத்தான். வினோதாவும் கோட்டுச்சேரியில் மளிகைக் கடைக்காரர் மகள், கணக்குக்குப் பயந்தவள் இல்லை. கிள்ளானுக்குப் போன முதல் மாதம் எதை எடுத்தாலும் இருபதால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்து, ஒரு கட்டு கீரையைக்கூட வாங்க மனசு வராமல் கடைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். பிறகு புத்தி வந்தது. வருவது ரிங்கிட், செலவும் ரிங்கிட், நடுவில் ரூபாய்க்கு என்ன வேலை? அன்றிலிருந்து பெருக்குவதை விட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் எங்கே வாங்குகிறார்களோ அங்கேயே வாங்கினாள். செம்பியன் மட்டும் இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கிறான்.

சட்டியைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பதினைந்தாயிரம் என்றானே, அதில் அரிசி எங்கே?

இந்த வீட்டில் அரிசி விலை யாருக்கும் தெரியாது. கேட்டால் சிரிப்பார்கள். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வேண்டியதை ஒதுக்கி, மில்லில் அவித்து அரைத்துக் கொண்டுவந்தால் வருடம் முழுக்கச் சாப்பாடு. பால் மாட்டிலிருந்து வருகிறது, தேங்காய் மரத்திலிருந்து வருகிறது. ஞானசௌந்தரி கறப்பதும் மருதையன் சேற்றில் இறங்குவதும் எந்தக் கணக்கிலும் வராது. அங்கே எல்லாவற்றையும் காசாக்கி, இங்கே பாதியைச் சும்மா என்று வைத்து, இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி எது மலிவு என்று கேட்டால்?

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“சரிங்க, இருக்கேன். ஆனா அந்தப் பதினஞ்சாயிரத்த இப்பவே குடுங்க. நீங்க கெளம்புற வரைக்கும் நம்ம மூணு பேருக்கும் நான் தனியாச் சமைக்கிறேன். அங்க மாதிரியே எல்லாத்தயும் காசு குடுத்துதான் வாங்குவேன்.”

“அதுக்கென்ன, தாராளமா செய்யி” என்று செம்பியன் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தான். கண்ணீர் இல்லாமல் காரியம் முடிந்ததே என்று அவனுக்கு நிம்மதி.

மறுநாள் காலையில் வினோதா காரைக்காலுக்குப் பஸ் ஏறினாள். திரும்பும்போது ஆட்டோவில் வந்தாள். மளிகை, காய்கறி, அதற்கெல்லாம் மேலே ஒரு சிப்பம் அரிசி. தெருவில் அறுப்பு மெஷின் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் புது நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நெல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, ஆட்டோக்காரர் கடை அரிசியைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். எதிர்வீட்டுக் கருப்பையன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“என்ன சௌந்தரி, அரிசி வாங்குறீங்களா? பாகம் பிரிச்சாச்சா?”

ஞானசௌந்தரிக்கு முகம் செத்துவிட்டது. விவசாயக் குடும்பம் அரிசியை விலைக்கு வாங்குவதா, அதுவும் அறுப்பு நேரத்தில்! வீடு நொடித்துப்போயிருக்க வேண்டும், இல்லை உடைந்திருக்க வேண்டும். மூன்றாவது காரணம் அந்தத் தெருவுக்குத் தெரியாது.

“ஏண்டி, எம்மானத்த வாங்கணும்னே ஏரோப்ளான் ஏறி வந்தியா? மூட்ட மூட்டயா நெல்லு கெடக்குது, கடையில போயி அரிசி வாங்கியாந்துருக்கே!”

“அது ஒங்க நெல்லு, அத்தே. கிள்ளான்ல எல்லாத்தயும் வாங்கித்தானே ஆவுது? அவரு கணக்கு சரியான்னு பாக்குறேன், அவ்வளவுதான்.”

“அப்ப பாலு?”

“அதயும் காசு குடுத்துத்தான் வாங்குவேன்.”

“எங்கிட்டயேவா?”

“ஒங்ககிட்ட இல்லன்னா பூத்துல வாங்கிக்கிறேன்.”

வந்ததே ஆத்திரம் ஞானசௌந்தரிக்கு! “குடு! லிட்டரு அம்பது ரூவா. தண்ணி கலக்காத பாலு, அறுவது குடு!” என்று கையை நீட்டினாள். மருமகள் மறுபேச்சுப் பேசாமல் எண்ணி வைத்தாள். அழுது மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்திருந்த ஞானசௌந்தரி, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

வீம்பு என்றால் இரண்டு பக்கமும் வீம்பு. தேங்காய்க்கு ஒரு விலை, கருவேப்பிலைக்கு ஒரு விலை. வினோதா வங்கி வேலையாகப் போன நாளில் தமிழ்மொழியைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியதற்குக்கூட, “ஆயா வச்சா சும்மா பாப்பாளா?” என்று ஞானசௌந்தரி கை நீட்டினாள். வினோதா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அம்மா அறை வாடகையும் கேட்பாளோ என்று செம்பியன்தான் பயந்தான். கேட்டாள்.

மருதையனுக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. கடை அரிசிச் சோற்றை ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டு, “பொலபொலன்னுதான் இருக்கு, ருசிதான் இல்ல” என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு நாள் அவரே மருமகளிடம் வந்தார்.

“கடைக்காரனுக்குக் குடுக்குறத எங்கிட்ட குடேன். நான் நல்ல அரிசியா தர்றேன்.”

“வெலை சொல்லுங்க மாமா.”

மருதையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். உழவு, நாற்று, நடவாள் கூலி, உரம், மெஷின் வாடகை, மில் கூலி. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“எங்கூலிய எதுலம்மா சேக்குறது?”

பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த செம்பியன் பக்கத்தைத் திருப்பவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். “செம்பியன் பணம் அனுப்ப ஆரம்பிச்ச அன்னிக்கே நெலத்தக் குத்தகைக்கு விட்டுடலாம்னுதான் இருந்தேன். நீயும் பேத்தியும் இங்க இருந்தீங்க, வீட்டுக்கு அரிசி வேணுமேன்னு விடல. இனியும் விட முடியாது” என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். செம்பியனுக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது.

லீவு பாதிதான் கழிந்திருந்தது, பதினைந்தாயிரம் காலி. ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாள் மீன், அதுவும் சின்ன மீன். அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது வினோதா வெறும் பர்ஸை எடுத்து செம்பியன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தீந்துபோச்சுங்க. பாப்பாவுக்கு இன்னும் ஸ்கூல் பீஸ் கட்டல, வேன் பேசல, ஒரு காய்ச்சல் தலவலின்னு டாக்டர்கிட்ட போவல.”

செம்பியன் அம்மாவிடம் பாய்ந்தான். “எல்லாம் ஒன்னாலதாம்மா! பெத்த புள்ளகிட்ட பாலுக்குக் காசு வாங்குவாங்களா யாராச்சும்?”

அப்போதுதான் கவனித்தான், அம்மா முகத்தில் புதிதாக ஒரு மூக்குக் கண்ணாடி.

“இது எப்ப போட்ட?”

“நேத்து. காரைக்கால்ல போயி டெஸ்ட் பண்ணிப் போட்டேன். நான் சம்பாரிச்ச காசு.” ஞானசௌந்தரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். “ரெண்டு வருசமா அரிசியில கல்லு தெரியலடா எனக்கு. தடவித் தடவித்தான் பொறுக்குறேன். ஒங்கிட்ட சொன்னா செலவு. ஒங்கப்பாகிட்ட சொன்னா, அறுப்பு முடியட்டும்பாரு. எத்தன அறுப்பு முடிஞ்சிது! எம்பாலுக்கு வெலை இருக்குன்னு இவ காசு வச்சப்பறந்தான் எனக்கே தெரியிது.”

தமிழ்மொழி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு லட்சம் ஒரு லட்சங்கிறியே,” ஞானசௌந்தரி விடவில்லை. “அங்க சோறாக்கி, துணி தொவச்சி, புள்ளய பாத்துக்குறாளே, அவ கூலிய எதுல போட்ட? இவள இங்க விட்டுட்டுப் போயி அதுக்கெல்லாம் ஆளு வச்சா எவ்வளவு ஆவும், அதச் சொல்லு.”

செம்பியன் வாய்க்குள்ளேயே ஏதோ பெருக்கிப் பார்த்தான். பெருக்கிய முகம் நன்றாக இல்லை.

வினோதா காத்திருந்தது இதற்குத்தான். “அங்க செலவு இல்லன்னு நான் சொல்லலங்க. அரை சம்பளத்த வாடகையும் காரும் திங்கிது. கீழ நீச்சக்கொளம், வாசல்ல காவக்காரரு. அந்தக் கொளத்துல நீங்க ஒரு நாளாச்சும் எறங்கிருக்கீங்களா? கிள்ளான்ல நம்ம காரைக்கால் அஜீசுன்னிசா அக்கா குடியிருக்காங்கல்ல, அவங்க வீட்டுக்கு எதுக்க கடை மாடியில ஒரு பழைய வீடு காலியாவுது. வாடகை பாதிதான். ஒங்க கம்பெனி பஸ் வாசல்ல நிக்கிது. கார வித்துடுவோம். பாப்பா ஸ்கூல் பீஸு அதுலயே வந்துடும். அந்த ஊருல குடியிருக்குற மாதிரி இருந்தா நம்மளால முடியும். விருந்தாளி மாதிரி இருந்தாத்தான் முடியாது.”

“பழைய வீடு... லிப்ட் இருக்காதே” என்றான்.

“நடக்குறேன்.”

“கஷ்டப்படுவே வினோதா.”

“படுறேன். நாலு வருசம் போன்ல குடித்தனம் நடத்துனதவிடவா கஷ்டம்? எம்மவ ஒங்கள மறுபடியும் போன் அப்பான்னு கூப்புடுறதக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க. ஒங்களால முடியுமா?”

செம்பியன் கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துபோனது. பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தான். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் தேடினான். “இப்ப போட்டா வெலை ரெண்டு மடங்குல்ல” என்று ஒரு முனகல் வந்தது. வினோதா அவன் பக்கத்திலேயே நின்றாள், அசையவில்லை. போட்டான்.

“குடு இப்படி” என்று ஞானசௌந்தரி போனைப் பிடுங்கினாள்.

“இங்கிலீஷ்ல இருக்கும்மா. ஒனக்குப் படிக்கத் தெரியாது.”

“படிக்கத் தெரியாட்டி என்ன, எண்ணத் தெரியும்ல? ஒன்னுத மட்டும் போட்டுட்டு எங்கள ஏமாத்துனவன்தானே நீ!” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் பேர்கள் இருந்த வரிகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். “இவன் போட்ட டிக்கெட்டு பழசு, அது இருக்கட்டும். இது ரெண்டு பேரு. ஆக மூணு.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மருமகளைப் பார்த்து, “மிச்ச அரிசிய இங்கயே வச்சுட்டுப் போ, நான் பாதி வெலைக்கி எடுத்துக்கிறேன்” என்றாள்.