வாசலில் அசைவு

என் வீட்டுக்காரருக்குத் துபாயில் சென்சார் மாட்டுகிற வேலை. ஆள் வந்தால் தானே திறக்கும் கதவு, கை நீட்டினால் தண்ணீர் விடும் குழாய், எல்லாம் அவர் கைவேலை. போன லீவில் வந்தவர், தென்காசியில் குற்றாலம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்த ஒரு மிதவை, இருட்டினால் தானே எரியும் விளக்கு, வாசலில் ஒரு கேமரா. என்னோடு பேசிய நேரத்தைவிட ஏணியில் நின்ற நேரம்தான் அதிகம். எரிச்சலாக வந்தது.

"இந்தக் கேமரா ஒன்ன எப்படிக் கண்டுபிடிக்கும் தெரியுமா?" என்று மேலே இருந்தபடியே கேட்டார். "ஒடம்புச் சூடு அசையணும். சும்மா நின்னேன்னா ஆளே இல்லன்னு நெனச்சுக்கிடும்."

"ஒங்கள மாதிரிதான்," என்றேன். சிரித்தார்.

அவர் விமானம் ஏறிய பிறகுதான் அந்தக் கேமராவின் அருமை தெரிந்தது. நான் நடந்தால் அவர் போனில் 'வாசலில் அசைவு' என்று படத்தோடு சேதி வரும். இங்கே மதியம் இரண்டரை என்றால் அவருக்கு ஒரு மணி, சாப்பாட்டு நேரம். தினமும் தலை சீவி, பூ வைத்து, அந்த நேரத்துக்கு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எதிர்வீட்டு அக்கா, "ஏட்டி, ஒனக்குச் சுகரா? இந்த வெயில்ல நடக்கே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாள் முழுக்க அந்த இரண்டரைக்காகத்தான் இருந்தேன்.

சாயந்திரம் அவர் கூப்பிட்டால் திரையில் அவர் படம் வரும். காதில் வைத்ததும் இருண்டுவிடும். முகம் பக்கத்தில் வந்தால் திரையை அணைக்க அதற்குள்ளும் ஒரு சென்சாராம். இதைக் கண்டுபிடித்தவன் பெண்டாட்டியைப் பிரிந்து இருந்ததே இல்லை போல!

சாரல் தொடங்கியது. குற்றாலச் சீசனுக்கு வருகிறேன் என்றவருக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றும் நனைந்துகொண்டே நடந்தேன். சாயந்திரம் போனில், "இன்னைக்கு என்ன கலர் சேல கட்டியிருந்தேன், சொல்லுங்க பாப்போம்," என்றேன்.

"நீலம்தான?"

"பச்ச."

"ஏட்டி, அந்தச் சேதி வாரத நிப்பாட்டி ஒரு மாசமாச்சு."

அடப்பாவி மனுசா! ஒரு மாதம் யாருக்காகப் பூ வைத்தேன்? "கொரங்குத் தொல்லையா?" என்று கேட்டேன். எங்கள் வாசலில் குரங்குகள் வராத நாள் கிடையாது. அந்தக் கேமராவுக்குக் குரங்கும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான்.

"கொரங்குன்னா சிரிச்சுட்டு வேலையப் பாத்துருவேன். ஒன்னப் பாத்துட்டு ஏறுனாத்தான் கை ஓட மாட்டேங்குது. எனக்கு ஏணி மேல நிக்க வேல. ரெண்டு தடவ காலு வழுக்கிட்டு."

கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்படியே இருக்கட்டும்," என்றேன். "வரும்போது நேர்ல பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் இரண்டரைக்குக் கால் தானாக வாசலுக்குப் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தே நடந்தேன்.