ஏழாவது மாடியில் ஒரே ஒரு வெளிச்சம்

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயம் நடந்தது இது. செம்பூரில் ஒரு புதுக் கட்டடத்தை அந்தி நேரத்தில் படம் எடுத்துவரச் சொல்லி, எனக்கு வேலை கொடுக்கும் வீட்டு புரோக்கர் என்னை அனுப்பினார்.

வழக்கமாக நான் எங்கும் போவதில்லை. விற்பனைக்கு வரும் வீடுகளின் படங்கள் தாராவியில் இருக்கும் என் அறைக்கே வந்துவிடும். கம்ப்யூட்டரில் அவற்றுக்கு மேக்கப் போடுவதுதான் என் பிழைப்பு. அந்திப் படம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். வானத்தில் கொஞ்சம் ஊதா, கொஞ்சம் ஆரஞ்சு, பிறகு இருட்டு ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். எல்லா ஜன்னலிலும் போட்டால் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும், யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் பத்தில் மூன்றை இருட்டாகவே விடுவேன். ஒரு பால்கனியில் துணி கூடக் காயும். இந்தக் கட்டடத்தையும் ஆறு மாதத்துக்கு முன் அப்படித்தான் ஆட்களால் நிரப்பிக் கொடுத்திருந்தேன். அதில் பெருமை வேறு.

நேரில் போனால் கட்டடம் முழுக்க இருட்டு. ஏழாவது மாடியில் மட்டும் ஒரு எமர்ஜென்சி லைட். நான் கேமரா ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இரண்டு குடங்களோடு இறங்கி வந்தார், கூடவே நாலு வயது மகள். குழந்தையிடம் அவர் பேசியது தமிழ். லிஃப்ட் இல்லையா என்று நானும் தமிழில் கேட்டேன். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டார்.

"லிஃப்டும் இல்ல, கரண்டு மீட்டரும் வரல அண்ணே. எங்க வீட்டுக்காரவுக துபாய்ல இருக்காவ. தாராவி ரூமை வித்துட்டு வந்தோம். பகல்ல பாக்க வந்தப்ப ஒருத்தரையும் காணோம், வேலைக்குப் போயிருப்பாவன்னு நெனச்சோம். போட்டோவுல அத்தன வீட்லயும் லைட்டு எரிஞ்சுதுல்லா?"

அதற்கு முந்தின மாதம் ஒரு ராத்திரி யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். மகளின் வாயைப் பொத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். கூப்பிட்டால் ஏனென்று கேட்க அந்தக் கட்டடத்தில் வேறு ஆளே இல்லை.

படத்தில் அந்த விளக்குகளைப் போட்டது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதை எழுதிக் கொடுத்திருந்தால் அவர் எங்காவது புகாராவது கொடுத்திருப்பார். நான் ஸ்டாண்டைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம்.

"நீங்களும் வீடு பாக்கத்தான் வந்தீயளா?" என்றார். கேட்கும்போதே அவர் முகம் தெளிந்துவிட்டது.

"ஆமா" என்றேன்.

"சீக்கிரம் வந்துருங்கண்ணே. இன்னொரு வீட்ல லைட்டு எரிஞ்சாலே எனக்குப் போதும்." மகளிடம், "மாமா நம்ம பில்டிங்குக்கு வாராவ" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற டேங்கர் லாரியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு படியேறினார்.

அன்று எடுத்த படத்திலும் விளக்குப் போட்டுத்தான் கொடுத்தேன். இன்றும் அதே வேலைதான், வேறு தெரியாது. அந்தத் தெருப் பக்கம் போகும் தைரியம் வரவில்லை. படத்தில் செய்ததைப் புரோக்கர் சொன்னார் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்; ஆனால் அந்த "ஆமா"வை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, அதை நம்பி அந்தக் குழந்தை எத்தனை நாள் மாமா எப்ப வருவாவ என்று கேட்டிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.